பழைய மோட்டார் சைக்கிளும் பகல் கொள்ளையும்

“பார்த்துத்தானே சார் வாங்குனீங்க? ஓட்டியும் பார்த்தீங்க. மனுஷன் உசுருக்கே கேரண்டி இல்லாத காலத்துல, பழைய வண்டிக்கு நான் எங்க போயி கேரண்டி கொடுக்கறது?”

பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் ஒரு கன்சல்டிங்காரர் நமக்குச் சொன்ன பதில் இது. சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். டீயைத் தொடாமல் திரும்பி வந்தோம்.

நமக்கு மட்டும் கிடைத்த பதிலா இது? இல்லை, தோழர்களே! பழைய வண்டி வாங்கி நடுரோட்டில் நின்ற ஒவ்வொரு மில் தொழிலாளியும், ஒவ்வொரு விவசாயக் கூலியும் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, “நம்ம தலையெழுத்து” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு போயிருக்கிறான். தலையெழுத்து என்று சொல்லப்படுவதை யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்று இங்கே பேசப் போகிறோம். இதில் நம்முடைய தவறும் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

நமது வட்டாரக் கமிட்டிக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. காலையில் மில் கேட்டில் நோட்டீஸ். பகலில் களத்து மேட்டில் விவசாயத் தொழிலாளர் கூட்டம். அரை நைட் ஷிப்ட் விடும்போது மறுபடியும் மில் கேட். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் ஷிப்ட் கலைந்துவிடுகிறது. தோழர்கள் வசூலுக்குக் கிளம்பினார்கள். ஸ்பின்னிங் தொழிலாளர்கள் ஐம்பதும் நூறும் கொடுத்தார்கள். களையெடுக்கப் போகிற பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபதும் முப்பதும் கொடுத்தார்கள். 28,000 ரூபாய் சேர்ந்தது.

வாங்கியது 2014-ஆம் வருஷத்து 100 சி.சி. வண்டி. மீட்டரில் 41,000 கிலோமீட்டர். டாங்கிக்குப் புதுப் பெயிண்ட், புது ஸ்டிக்கர். சீட்டுக்குப் புது உறை. “சிங்கிள் ஓனருங்க, ஒரு வாத்தியார் ஓட்டுன வண்டி” என்றார்கள். ஆர்.சி.யைக் கேட்டதற்கு மங்கிப்போன ஒரு ஜெராக்ஸைக் கொடுத்து, “பேர் மாத்தி ஒரு மாசத்துல வந்துரும்” என்றார்கள். நாம் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தோம். ஜனங்களின் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். தனியாகப் போனது நம்முடைய முதல் தவறு. ஜெராக்ஸை நம்பியது இரண்டாவது தவறு.

மூன்றாம் நாள் காலையில் முப்பது உதை உதைத்த பிறகுதான் இன்ஜின் உயிர் பெற்றது. நீலப் புகை தெருவை மறைத்தது. ஐந்தாம் நாள் மேட்டில் ஏறும்போது இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. ஒன்பதாம் நாள் இரவு, கேட் கூட்டம் முடிந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தோம். பைபாஸில் செயின் கழன்று பல்சக்கரத்தில் சிக்கியது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. இருவரும் விழுந்தோம். நமக்குச் சிராய்ப்பு. அந்தத் தோழருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அவருக்குக் கூலி இல்லை. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆளே இருந்திருக்காது.

வண்டியைப் பிரித்தபோது

மறுநாள் சங்க ஆபீஸ் வாசலில் சாக்கை விரித்து வண்டியைப் பிரித்தோம். பிரித்தவர் முப்பது வருஷம் மில்லில் பிட்டராக இருக்கும் தோழர். ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்க வைக்க, ஒவ்வொரு சாமானும் ஒரு மோசடியைச் சொல்லியது.

முதலில் ஆயில். சாதாரண இன்ஜின் ஆயில் தண்ணீராக ஓட வேண்டும். இதில் வெல்லப்பாகு போல இறங்கியது. பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்துபோனால் ஆயில் மேலே ஏறி எரியும். அதுதான் நீலப் புகை. தேய்ந்த இன்ஜினில் கனமான ஆயிலை ஊற்றிவிட்டால் சில நாட்களுக்குப் புகையும் அடங்கும், சத்தமும் அடங்கும். வண்டி கை மாறும் வரை அடங்கினால் போதாதா?

இரண்டாவது, இன்ஜின் சூடு. தேய்ந்த இன்ஜின் குளிர்ந்த நிலையில்தான் முரண்டு பிடிக்கும். அதனால்தான் ஆள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, செயின். நீண்டு தொய்ந்த செயினில் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்து இழுத்து மாட்டியிருந்தார்கள். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கதிர் அரிவாள் நுனி போல வளைந்து கிடந்தன. செயின் கார்டுக்குள் எல்லாம் மறைந்திருந்தது. அந்தத் தோழரின் மணிக்கட்டை முறித்தது இந்த இரண்டு கண்ணிதான்.

நான்காவது, கிளட்ச் பிளேட். தகடாகத் தேய்ந்திருந்தது. பாரம் ஏறினால் வழுக்கும். ஆள் ஏற்றாமல் சமதரையில் தெருக்கோடி வரை ஓட்டினால் தெரியவே தெரியாது.

ஐந்தாவது, முன் போர்க். ஹேண்டிலைத் தடுக்கும் முட்டில் வெல்டிங் வைத்து, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. எங்கேயோ பலமாக மோதிய வண்டி. கோன்செட் நடுவில் பள்ளம் விழுந்து, ஹேண்டில் ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்துத் திரும்பியது.

ஆறாவது, மீட்டர். 41,000 என்று காட்டுகிறது. கால் வைக்கும் ரப்பரோ வரி முழுதும் அழிந்து வழவழவென்றிருந்தது. “இந்தத் தேய்மானத்துக்கு ஒரு லட்சமாவது ஓடியிருக்கணும் தோழர்” என்றார் பிட்டர்.

போர் அடித்து பிஸ்டன், வால்வ் சீல் போட்ட ஹாஃப் இன்ஜின் வேலைக்கு 4,200. செயின் செட் 1,300. கிளட்ச் பிளேட் 850. போர்க் சீலும் ஆயிலும் 600. கோன்செட் 450. பிரேக் ஷூ 350. கார்புரேட்டர் வேலை 250. ஆக 8,000 ரூபாய். பிட்டர் தோழர் தன் உழைப்புக்கு ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

சீட்டைக் கழற்றியபோது அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. ஒரு மில்லின் சம்பளச் சீட்டில் பாதி. வாத்தியார் ஓட்டின வண்டியில் மில் சம்பளச் சீட்டு எப்படி வந்தது?

ரிப்பேரா, டியூவா?

சர்க்காரின் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். சிங்கிள் ஓனரா? மூன்றாவது ஓனர்! பைனான்ஸ் கடன் பதிவும் நீக்கப்படாமல் இருந்தது. ஜெராக்ஸில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு போனோம். ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெசவு செய்துகொண்டிருந்தார் அந்த மனிதர். வெளியே வந்து வண்டியைப் பார்த்ததும் ஹேண்டிலைத் தொட்டார்.

“ஏனுங்க தோழர், இது என்ற வண்டியாச்சுங்களே. பெயிண்ட மாத்திப்போட்டாங்களா?”

அவர் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். பைனான்ஸில் 40,000 கடன் வாங்கி, இதே வண்டியைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். 24 டியூ. பத்தாவது மாதத்தில் புகைய ஆரம்பித்தது. ரிப்பேருக்குக் கொடுத்தால் டியூ நின்றது. டியூ கட்டினால் வண்டி நின்றது. வண்டி நின்றால் ஷிப்ட் போனது. 14 டியூ கட்டி, இரண்டு டியூ தவறியபோது, மில் கேட்டில் இரண்டு பேர் மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். “மத்தியானச் சோத்து டிபன் பாக்ஸ்கூட அதுலயே போயிருச்சுங்க” என்றார். நேரத்துக்குப் போக முடியாமல் மில் வேலையும் போயிற்று.

குண்டர்களை வைத்து வண்டியைப் பிடுங்குவது கூடாது என்று 2007-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இந்த மில் கேட்டுக்கு வந்து சேரவில்லை!

அவர் போட்ட கையெழுத்தின் கணக்கைப் பாருங்கள். வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம் என்றார்கள். 40,000-க்கு இரண்டு வருஷ வட்டி 12,000. மொத்தம் 52,000. மாதம் 2,167 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அசல் மாதாமாதம் திரும்பிக்கொண்டு வருகிறதே! கடைசி மாதத்தில் தொழிலாளி கையில் பாக்கியிருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம்தான். வட்டியோ முழு நாற்பதாயிரத்துக்கும்! மாதா மாதம் குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மை வட்டி 26 சதவீதத்துக்கு மேல். இதற்குப் பெயர் ‘பிளாட்’ வட்டியாம். அந்தக் காலத்து லேவாதேவிக்காரன் திண்ணையில் உட்கார்ந்து செய்ததை இன்று கண்ணாடி போட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் செய்கிறது.

14 டியூவில் அவர் கட்டியது 30,338 ரூபாய். அதை விழுங்கினார்கள். வண்டியைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதை ஏலத்தில், ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்றார்கள். பெயிண்ட் ஏறியது, மீட்டர் இறங்கியது. களையெடுக்கும் பெண்கள் முந்தானை முடிச்சிலிருந்து கொடுத்த பணத்தைக் கொண்டுபோய், பறிகொடுத்த தொழிலாளியின் வண்டியை நாமே வாங்கி வந்திருக்கிறோம்! ஒரு இன்ஜின், ஒரு பழுது. இரண்டு தடவை கொள்ளை. நம்மிடமும் வண்டி நின்று நாம் கடனும் வாங்கியிருந்தால் மூன்றாவது தடவையும் நடந்திருக்கும். பழுதை மறைத்து விற்பதில் லாபம். பழுதால் டியூ தவறினால் பிடுங்குவதில் லாபம். அப்படியானால் பழுதைச் சரிசெய்ய வேண்டும் என்ற அக்கறை இந்த வியாபாரத்தில் யாருக்கு இருக்கும்?

ஆடம்பரமா?

“கூலிக்காரனுக்கு எதற்கய்யா மோட்டார் சைக்கிள்? வரவுக்கேற்ற செலவு செய்யக் கூடாதா?” என்று உபதேசம் செய்யும் கனவான்கள் உண்டு. அவர்களை அரை நைட் ஷிப்ட் விடும் நேரத்தில் மில் கேட்டுக்கு வரும்படி அழைக்கிறோம். நள்ளிரவுக்கு மேல் எந்த பஸ் ஓடுகிறது? 2021-ல் பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது, வரவேற்றோம். பஸ்ஸே வராத ஊரில், பஸ் இல்லாத நேரத்தில், இலவச டிக்கெட் என்ன செய்யும்? அறுவடை மிஷின் இறங்கிய பிறகு உள்ளூரில் வேலை சுருங்கி, இருபது கிலோமீட்டர் தள்ளி வேலை தேடிப் போகிற விவசாயக் கூலி, விடியுமுன்பே அங்கே நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதித்தால் அரைநாள் கூலி போயிற்று. அவனுக்கு மோட்டார் சைக்கிள் மண்வெட்டியைப் போல ஒரு வேலைக் கருவி. அந்தக் கருவியைத் தன் சொந்தக் கடனில் வாங்கி, சொந்தச் செலவில் ரிப்பேர் செய்து, சொந்தப் பெட்ரோலில் ஓட்டி, முதலாளியின் வாசலுக்கு உழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அந்தச் செலவு எந்தச் சம்பளச் சீட்டிலாவது ஏறுகிறதா?

மாட்டுச் சந்தையும் மோட்டார் சந்தையும்

அந்தியூர்ச் சந்தையிலும் மணப்பாறைச் சந்தையிலும் நம் ஜனங்கள் மாடு வாங்கியவர்கள்தான். தரகன் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவான். ஆனால் வாங்குகிறவன் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா? நடக்கவிட்டுப் பார்ப்பான், சுழி பார்ப்பான். கூட நாலு பேர் நிற்பார்கள். மோட்டார் சந்தையில் வாய் திறக்காத மாட்டை விற்கிறார்கள். இதன் பல் மீட்டரில் இருக்கிறது. அதையும் ராவி வைத்துவிடுகிறார்கள்.

மில் முதலாளியும் பழைய மிஷின் வாங்குகிறார். எப்படி வாங்குகிறார்? நம் பிட்டர் தோழரையே அனுப்புகிறார். அவர் போய், ஓட்டிப் பார்த்து, கியர் பெட்டியைத் திறந்து, ஸ்பிண்டிலைத் தொட்டு, “எடுக்கலாம்” என்று சொன்ன பிறகே செக் எழுதப்படுகிறது. தொழிலாளியின் கண்ணும் காதும் முதலாளியின் பணத்தைக் காப்பாற்றுகின்றன. அதே தொழிலாளி தனக்கு ஒரு வண்டி வாங்கும்போது அந்தக் கண்ணையும் காதையும் பயன்படுத்த அரைமணி நேரம்கூடக் கொடுப்பதில்லை!

கடனைப் பாருங்கள். 1999 ஏப்ரலில் மத்திய சர்க்கார் ஜவுளி முதலாளிகளுக்காக ஒரு தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் கொண்டுவந்தது. மிஷின் வாங்கிய கடனுக்கு 5 சதவீத வட்டியை சர்க்கார் திருப்பிக் கொடுத்தது. 2016-ல் அதைத் திருத்தி மூலதன மானியமாக்கி, 2022 மார்ச் வரை நடத்தினார்கள். யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற நம் பணம். முதலாளியின் மிஷினுக்கு மானியம்! அந்த மிஷினை ஓட்ட நள்ளிரவில் வருகிற தொழிலாளியின் வண்டிக்கு 26 சதவீத வட்டி! இது எந்த ஊர் நியாயம்?

பெட்ரோலிலும் ஒரு பங்கு

நம் வண்டியின் கார்புரேட்டரைத் திறந்தபோது ரப்பர் சீல் உப்பியிருந்தது. அடியில் பிசின் படிந்திருந்தது. இது வயதால் வந்ததா, இன்றைய பெட்ரோலால் வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நாம் விஞ்ஞானிகள் அல்ல. ஆனால் விஷயம் இதுதான்: 2023-ல் தொடங்கி, 2025-க்குள் 20 சதவீத எதனால் கலப்பு என்ற இலக்கை எட்டிவிட்டதாக மத்திய சர்க்கார் பெருமையாக அறிவித்தது. எதனால் ஈரத்தை உறிஞ்சும். அதற்கென்று செய்யப்படாத ரப்பரைக் கெடுக்கும் தன்மை உள்ளது. 2023-க்கு முன்பு செய்த பழைய வண்டிகளை யார் ஓட்டுகிறார்கள்? நாம்தான்.

நிதி ஆயோக் 2021-ல் கொடுத்த அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட இரு சக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று சொன்னது. மாதம் 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவனுக்கு வருஷத்தில் சுமார் 700 முதல் 950 ரூபாய் நஷ்டம். கலப்புப் பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. கலப்பு வந்தது, விலைக் குறைப்பு எங்கே போயிற்று? பெட்ரோல் பங்கில் கேட்டால் கேலி செய்கிறார்கள். டில்லியில் கேட்டால் பதில் இல்லை.

சட்டம் யார் பக்கம்?

“வாங்குபவனே, எச்சரிக்கையாயிரு” என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் பழைய வேதம். 1930-ல், வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியது. கன்சல்டிங்காரர் சொன்ன “பார்த்துத்தானே வாங்குனீங்க” என்பதும் அந்த வேதத்தின் தமிழ்தான். ஆனால் அதே சட்டத்தில் அவர் படிக்காத, அல்லது படித்தும் சொல்லாத பகுதி உண்டு. அந்தச் சரக்கை விற்பதையே தொழிலாகச் செய்கிறவரிடம், “இன்ன காரியத்துக்கு வேண்டும்” என்று சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்தக் காரியத்துக்குத் தகுதியாக இருந்தாக வேண்டும். பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு வாங்கியவன் பொறுப்பு. வெட்டி மறைத்த செயின் கண்ணிக்கும் ராவிய மீட்டருக்கும் அந்தச் சாக்குச் செல்லாது.

2023 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகன விதிகளில், பழைய வண்டி விற்கும் டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததைப் போக்குவரத்து இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. “உங்கள் சான்று எங்கே?” என்று கேட்டு வாங்கிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. விற்பவர் ஃபாரம் 29-ஐ 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் ஃபாரம் 30-ஐ 30 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். பைனான்ஸ் கடன் நீங்கியதற்கு ஃபாரம் 35. வண்டியை விற்ற தோழர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: பெயர் மாறாத வண்டி விபத்து செய்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரமாக விற்கிறவர்மீது மாவட்ட நுகர்வோர் கமிஷனில் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வேலை செய்யும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் காகிதம் வேண்டும், ரசீது வேண்டும். “வாத்தியார் வண்டி” என்று வாயால் சொன்னதைக் கமிஷன் முன்னால் எப்படி நிரூபிப்பது?

“இது சங்கத்தின் வேலையா?”

வண்டி விழுந்த கதையைக் கமிட்டியில் வைத்தபோது ஒரு தோழர் எழுந்து கேட்டார்: “போனஸ் இருக்கு, கான்ட்ராக்ட் முறை இருக்கு. அவனவன் வாங்கின வண்டி ரிப்பேருக்கெல்லாம் சங்கம் போய் நிற்கணுமா தோழர்?”

நேர்மையான கேள்வி. நேரான பதில் சொல்வோம். போராடி உயர்த்திய கூலியை டியூவாகவும் ரிப்பேராகவும் இன்னொருவன் மறுவாசல் வழியாகக் கொண்டுபோகிறான் என்றால், மறுவாசலைப் பார்த்துக்கொள்வதும் சங்கத்தின் வேலைதான். வண்டி பறிபோன அந்த ஸ்பின்னிங் தொழிலாளி மில் வேலையையும் இழந்தாரே, அது சங்கத்தின் பிரச்சினை இல்லையா? அவர் தனியாக நின்றார். நாமும் தனியாகவே போனோம். தனியாகப் போன நமக்குக் கிடைத்தது ஒரு டீ.

பிறகு ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் இருபது தொழிலாளர்கள், வெட்டிய செயினையும் தேய்ந்த பிளேட்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். யாரும் சத்தம் போடவில்லை. பிட்டர் தோழர் ஒவ்வொரு சாமானாக மேஜைமேல் எடுத்து வைத்து விளக்கம் சொன்னார். வண்டி வாங்க வந்திருந்த இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கேட்டார்கள். அன்று மாலையே 5,000 ரூபாய் திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் ஃபாரம் 35-ம் வந்தது. மிச்சப் பணத்துக்கும், முறிந்த மணிக்கட்டுக்கும் நுகர்வோர் கமிஷனில் மனுப் போட்டிருக்கிறோம்.

அந்தக் கடைக்காரரையோ, தெருவோரப் பட்டறையில் கரி படிந்த கையோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கையோ பெரிய எதிரியாக நினைத்துவிட வேண்டாம். மெக்கானிக் நம் வர்க்கம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்து, புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, ஸ்கேனர் இல்லாமல் பழுதைக் கண்டுபிடிக்க முடியாமல் அவன் தவிக்கிறான். அந்த வண்டிகள் பழையதாகி நம்மிடம்தான் வரும். கடைக்காரரோ ஏலத்தில் வாங்குகிற சிறு மீன். பெரிய மீன், பிடுங்கிய வண்டிகளை மைதானம் மைதானமாக நிறுத்தி வைத்திருக்கிற பைனான்ஸ் மூலதனம். சிறு மீனிடம் கணக்குக் கேட்போம். பெரிய மீனை மறக்க மாட்டோம்.

செய்ய வேண்டியது

பழைய வண்டி வாங்கப் போகிற தோழர்கள் தனியாகப் போகாதீர்கள். மிஷின் தெரிந்த ஒரு தோழரோடு, பகல் வெளிச்சத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். இன்ஜின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். ஒரு ஆளைப் பின்னால் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டில் செயினை விரலால் இழுங்கள்; பாதிப் பல் தெரிந்தால் செயின் செத்தது. ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள்; நடுவில் பிடித்தால் கோன்செட் போயிற்று. டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் அசல் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எத்தனையாவது ஓனர், கடன் உண்டா, அபராதம் பாக்கியா என்று ஆப்பில் பாருங்கள். எதற்காக வாங்குகிறீர்கள், கடைக்காரர் என்னென்ன உறுதி சொன்னார் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தை மடித்துக்கொண்டு திரும்புங்கள்.

நமது சங்க ஆபீசில் ஞாயிறு காலை பிட்டர் தோழரும் இரண்டு மெக்கானிக் தோழர்களும் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாங்கப் போகிற வண்டியைக் கொண்டுவாருங்கள். கைநாட்டு வைக்குமுன் கடன் பத்திரத்தையும் கொண்டுவாருங்கள். மற்ற வட்டாரங்களிலும் இதைத் தொடங்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்கிறோம்:

1. பழைய வண்டி விற்பவர் பழுதுகளை எழுதிக் கொடுப்பதையும், இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் கொடுப்பதையும் சட்டமாக்கு!

2. அங்கீகாரச் சான்று இல்லாத விற்பனையைத் தடு. மீட்டரைத் திருத்துவதைக் கிரிமினல் குற்றமாக நடத்து!

3. ‘பிளாட்’ வட்டி மோசடியை ஒழி. தொழிலாளிக்குக் கூட்டுறவு வங்கி மூலம் குறைந்த வட்டியில் வாகனக் கடன் கொடு!

4. வழியில் மறித்து வண்டி பிடுங்கும் அடியாட்களைக் கைது செய்!

5. பழைய வண்டிகளுக்கு ஏற்ற பெட்ரோலைப் பங்குகளில் கிடைக்கச் செய். கலப்புப் பெட்ரோலின் விலையைக் குறை!

6. ஷிப்ட் நேரத்துக்கு பஸ் விடு. பஸ் இல்லாத இடத்தில் போக்குவரத்துச் செலவை முதலாளி தலையில் கட்டு!

அந்த விசைத்தறித் தோழரின் டிபன் பாக்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சாக்கு விரித்து உட்கார்ந்து, இன்னொருவர் வாங்க நினைத்த வண்டியின் செயினை அவர்தான் முதலில் இழுத்துப் பார்த்தார்.

“வேண்டாமுங்க. கண்ணி வெட்டியிருக்குது” என்றார்.

ஒரு தொழிலாளி தப்பினான். தோழர்களே, ஊர் ஊராகச் சாக்கை விரியுங்கள்!